ரேடான் ஃபேனை நாமே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்களில் பலருக்கு, வாங்குவதற்கு முன் வரும் பரிசோதனை அறிக்கையில்தான் ‘ரேடான்’ என்ற சொல் முதன்முதலாக அறிமுகமாகிறது. முந்தைய உரிமையாளர் பொருத்திவிட்டுப் போன வெள்ளை பிவிசி குழாயும், அதன் நடுவே பானைபோல் உப்பியிருக்கும் ஃபேனும் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்ற பிறகுதான் கேள்விகள் வரும். பென்சில்வேனியாவில் உள்ள என் வீட்டு ஃபேனை இரண்டு முறை நானே மாற்றியிருக்கிறேன். அதைக் கேள்விப்பட்ட நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ஃபேன் உண்மையில் என்ன செய்கிறது? பேஸ்மென்டின் காற்றை வெளியேற்றுகிறதா?

இல்லை; பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. குளிர்காலத்தில் வீட்டினுள் சூடான காற்று மேலெழுந்து கூரைப் பக்கமாகக் கசியும்போது, பேஸ்மென்டின் காற்றழுத்தம் மண்ணின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைந்துவிடுகிறது. அதனால் தரைக் கான்கிரீட்டின் விரிசல்கள், சுவரும் தரையும் சேரும் இடுக்கு, நிலத்தடி நீரைச் சேர்த்துப் பம்பால் வெளியேற்றும் சம்ப் குழி ஆகியவற்றின் வழியாக மண்ணுக்குள் இருக்கும் வாயுவை வீடே உறிஞ்சிக்கொள்கிறது.

ஃபேன் செய்வது இந்த அழுத்த வேறுபாட்டைத் திருப்பிப் போடுவதுதான். கான்கிரீட்டுக்கு அடியில் உள்ள காற்றை அது குழாய் வழியாக இடைவிடாமல் இழுத்துக் கூரைக்கு மேலே விடுவதால், வீட்டைவிட மண்ணில் அழுத்தம் குறைகிறது. விரிசல் இருந்தாலும் காற்று வீட்டிலிருந்து மண்ணை நோக்கித்தான் போகும். ஆகவே ஃபேன் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, கான்கிரீட்டுக்கு அடியில் இழுவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரேடான் அவ்வளவு ஆபத்தானதா? ஃபேன் நின்றால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டுமா?

ஆபத்து உண்மையானது, ஆனால் அவசரமானது அல்ல. ரேடானும் அதன் சிதைவில் பிறக்கும் பொலோனியம் போன்ற துகள்களும் மூச்சோடு உள்ளே போய், நுரையீரலில் ஆல்ஃபா கதிர்களை வெளியிடுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2003ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு ரேடான் காரணமாகிறது. புகைப்பதற்கு அடுத்த காரணம் அதுவே. கதிரியக்கத்தை அளக்கும் பிகோகியூரி என்ற அலகில், லிட்டர் காற்றுக்கு 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்றும், 2க்கும் 4க்கும் இடையில் இருந்தாலும் சரிசெய்வதைப் பரிசீலிக்கலாம் என்றும் அந்த முகமை சொல்கிறது. கனடாவில் இருப்பவர்கள் பெக்கரல் என்ற அலகில் அளப்பார்கள். 4 பிகோகியூரி என்பது ஒரு கனமீட்டருக்கு 148 பெக்கரல்.

இது பல ஆண்டுகளாகச் சேரும் பாதிப்பு என்பதால், ஃபேன் நின்ற ஒரு வாரத்தில் எதுவும் ஆகிவிடாது. புதிய ஃபேன் வரும்வரை பேஸ்மென்ட் சன்னல்களை முடிந்தபோது திறந்து வைத்து, அங்கே படுப்பதையும் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்ப்பதையும் தவிர்த்தால் போதும். “அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுவதுதான் தவறு.

எங்கள் மாநிலத்தில் இதைச் சற்றுக் கூடுதலாகவே பேசுவார்கள். 1984 டிசம்பரில், லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவியைக் கடந்தபோதெல்லாம் அது அலறியது. அந்த நிலையம் அப்போது மின் உற்பத்தியைத் தொடங்கியிருக்கவே இல்லை. கதிரியக்கத்தை அவர் வீட்டிலிருந்துதான் சுமந்துவந்திருக்கிறார். பாயர்டவுன் அருகே இருந்த அவருடைய வீட்டில் லிட்டருக்குச் சுமார் 2,700 பிகோகியூரி அளவுக்கு ரேடான் இருந்தது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, “நம்ம ஊரில் இதெல்லாம் யார் பார்த்தார்கள்?” என்கிறாரே?

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மண்ணில் யுரேனியமும் தோரியமும் அங்கும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பது ஊரறிந்த செய்தி. ஆனால் பேஸ்மென்ட் இல்லாமல், பகலெல்லாம் சன்னல் திறந்திருக்கும் வீட்டில் வாயு தேங்குவது கடினம். ஆறு மாதம் மூடியே கிடக்கும் வீட்டின் கணக்கு வேறு.

ஃபேன் கெட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேஸ்மென்டில் குழாயின்மேல், கண் உயரத்தில், நிறமுள்ள திரவம் நிரம்பிய யு வடிவக் குழல் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதுதான் மானோமீட்டர். அதன் ஒரு முனையிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று பெரிய குழாயின் துளைக்குள் போகும். ஃபேன் இழுத்துக்கொண்டிருக்கும்போது திரவம் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் இழுவை இல்லை என்று பொருள். இதற்கு மின்சாரமோ பேட்டரியோ தேவையில்லை, ஏமாற்றவும் அனேகமாகத் தெரியாது.

அனேகமாக என்று சொல்வதற்குக் காரணம், டியூப் கழன்று கிடந்தாலும், திரவம் ஆவியாகிக் குறைந்திருந்தாலும் தவறான தோற்றம் கிடைக்கும் என்பதே. டியூபை ஒரு நிமிடம் பிடுங்கிப் பாருங்கள். திரவம் இரு பக்கமும் சுழியத்துக்கு வர வேண்டும். மீண்டும் செருகியதும் பழைய இடத்துக்குப் போக வேண்டும். இப்படி ஆடினால் மானோமீட்டர் சரியாக இருக்கிறது.

ஃபேன் நன்றாக ஓடும் காலத்திலேயே திரவத்தின் மட்டத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள் என்பது எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் ஆலோசனை. அப்படிக் குறித்து வைக்காத எனக்கு, முதல் ஃபேன் எப்போது நின்றது என்று இன்றுவரை தெரியாது. கடையில் தள்ளுபடி வந்தபோதெல்லாம் வாங்கிய பொன்னி அரிசி மூட்டைகளை அந்தக் குழாய்க்கு முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தோம். ஒரு பொங்கலுக்கு முன்பு அடி மூட்டையை இழுத்தபோதுதான், சிவப்புத் திரவம் இரு பக்கமும் சமமாக நிற்பதைப் பார்த்தேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். மானோமீட்டர் அழுத்தத்தைத்தான் காட்டும், ரேடானை அளக்காது.

திரவம் சமமாக இல்லை, ஆனால் முன்பு இருந்த இடத்திலும் இல்லை. ஃபேனை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். இழுவை முன்பைவிடக் குறைந்திருந்தால், எங்கோ வெளிக்காற்று குழாய்க்குள் நுழைகிறது, அல்லது ஃபேன் தளர்ந்திருக்கிறது, அல்லது ஃபேனுக்கு மேலே குழாய் அடைபட்டிருக்கிறது. காற்று நுழையும் இடம் பெரும்பாலும் சம்ப் குழியின் மூடிதான். பம்பை மாற்ற வந்தவர் மூடியைத் திரும்பச் சரியாக இறுக்காமல் போயிருப்பார். மேலே அடைப்பு என்றால் கடுங்குளிரில் உறைந்த பனிக்கட்டியாகவோ இலைச் சருகாகவோ பறவைக் கூடாகவோ இருக்கலாம்.

இழுவை முன்பைவிட அதிகமாகக் காட்டினால் அது நல்ல செய்தி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மானோமீட்டர் பொருத்திய இடத்துக்குக் கீழே குழாய் அடைபட்டிருந்தால்தான் அப்படிக் காட்டும். உறிஞ்சுகுழலின் வாயை விரலால் அடைத்து உறிஞ்சும்போது கன்னம் உள்வாங்குவது போன்றது அது. கனமழைக்குப் பிறகு கான்கிரீட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறி, குழாயின் வாயை மூடிவிடுவது வழக்கம். இதற்குப் புதிய ஃபேன் தீர்வல்ல.

இழுவை அறவே இல்லையென்றால், முதலில் மின்பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கில் கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டியைத் தேடப் போனவர் விளக்கு சுவிட்ச் என்று நினைத்து அதை அணைத்திருப்பது உண்டு. மின்சாரம் வந்தும் ஃபேன் சுழலவில்லை என்றால் அல்லது அரைப்பதுபோல் கரகரவென்று சத்தமிட்டால், பேரிங் தேய்ந்துவிட்டது. இந்த ஃபேன்களின் உறை மூடி முத்திரையிடப்பட்டது; பிரித்துப் பழுதுபார்க்க முயல்வது வீண்.

உரிமம் இல்லாமல் நாமே மாற்றுவதைச் சட்டம் அனுமதிக்கிறதா?

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பென்சில்வேனியா, ஒஹாயோ, இல்லினாய், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில், கட்டணம் வாங்கிக்கொண்டு பிறர் வீட்டில் ரேடான் வேலை செய்பவர் சான்றிதழோ உரிமமோ வைத்திருக்க வேண்டும். நாம் குடியிருக்கும் சொந்த வீட்டில் நாமே செய்துகொள்வது பொதுவாக வேறு கணக்கில் வரும். எனினும், மாநில ரேடான் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மின் இணைப்புக்குத் தனி அனுமதி வேண்டுமா என்பதை நகராட்சி சொல்லும். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, சுவரைப் பங்கிடும் டவுன்ஹவுஸிலோ இருப்பவர்கள் உரிமையாளர் சங்கத்தைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. வாடகைக்கு விட்ட வீடு என்றால், தயவுசெய்து சான்றிதழ் பெற்றவரையே அழையுங்கள்.

எந்த ஃபேனை வாங்குவது? பெரியதாக வாங்கினால் இன்னும் நல்லதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. பதில், ‘இல்லை’ என்பதுதான். பழைய ஃபேனின் உறையில் ஒட்டியிருக்கும் தாளில் மாடல் எண் இருக்கும். அதே மாடலை, அது வழக்கொழிந்திருந்தால் அதே நிறுவனம் அதற்கு ஈடாகச் சொல்லும் மாடலை வாங்குங்கள்.

முதலில் குழாய் பதித்தவர், தரைக்கு அடியில் இருப்பது சரளையா களிமண்ணா என்று பார்த்து ஃபேனைத் தேர்ந்திருப்பார். சரளையில் காற்று எளிதாக நகரும், அதனால் மிதமான இழுவையும் நிறையக் காற்றோட்டமும் தரும் ஃபேன் பொருந்தும். இறுகிய களிமண்ணில் காற்று அதிகம் வராது, ஆனால் அழுத்தமான இழுவை வேண்டும். ரேடான்அவே நிறுவனத்தின் ஆர்பி145 பல வீடுகளில் காணப்படும் நடுத்தர ஃபேன். அதே நிறுவனத்தின் ஜிபி501 அதிக இழுவைக்கானது. களிமண் வீட்டில் இருக்கும் அதிக இழுவை ஃபேனை எடுத்துவிட்டு, காற்றோட்டம் மட்டும் மிகுந்த ஒன்றை வைத்தால், விலை கூடினாலும் பயன் குறையும்.

தேவைக்கு மீறிய ஃபேனில் வேறொரு தீங்கும் உண்டு. விரிசல்கள் நிறைய உள்ள பேஸ்மென்டில் அது வீட்டின் காற்றையே அளவுக்கதிகமாக இழுக்கும். அப்போது எரிவாயுவில் ஓடும் வாட்டர் ஹீட்டரின் புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். ரேடானைத் துரத்தப் போய் அதைவிட வேகமாகக் கொல்லும் வாயுவை அழைத்துக்கொண்ட கதையாகிவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் பேஸ்மென்டில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

குழாயின் அளவிலும் கவனம் வேண்டும். 4 அங்குல பிவிசி குழாய் எனப்படுவதன் வெளி விட்டம் 4.5 அங்குலம், 3 அங்குலக் குழாய்க்கு 3.5. ஃபேனின் வாயும் குழாயும் வெவ்வேறு அளவு என்றால், ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் உள்ள ரப்பர் கப்ளிங் கிடைக்கும். ஃபேனை மேலும் கீழும் குழாயோடு இணைக்கும் பழைய கப்ளிங்குகள் வெயிலில் வெடித்திருக்கும் என்பதால் இரண்டையும் புதிதாகவே வாங்குங்கள்.

மாற்றும் வேலையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு மணி நேர வேலை. முதல் முறை எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று.

பிரேக்கரை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி அதன்மேல் டேப் ஒட்டி, ஃபேன் அருகில் உள்ள சுவிட்சையும் அணையுங்கள். வோல்டேஜ் டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஃபேனின் கம்பிகளைச் சோதியுங்கள். கம்பிகளைப் பிரிப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பின்னால் உதவும்.

அடுத்தது, பலர் மறப்பது: ஃபேனுக்கு மேலே உள்ள குழாயைத் தாங்குவது எது என்று பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் ஏறிப் போகும் குழாய் பட்டைகளால் சுவரோடு பிணைக்கப்பட்டிருந்தால் கவலையில்லை. பட்டை தளர்ந்திருந்தால், ஃபேனை எடுத்த கணமே மேல்குழாய் சறுக்கிக் கீழே வரும். அதைக் கட்டிவிட்டுத்தான் கப்ளிங்கைத் தொட வேண்டும்.

பிறகு கப்ளிங்கின் இரும்புப் பட்டைகளில் உள்ள திருகுகளைத் தளர்த்துங்கள்; 5/16 அங்குல நட் டிரைவர் போதும். கப்ளிங்கைக் கத்தியால் அறுப்பதைவிட, சோப்புத் தண்ணீர் தடவி, முழுவதுமாகக் குழாயின்மேல் பின்னுக்குத் தள்ளிவிட்டால் ஃபேன் பக்கவாட்டில் நழுவி வந்துவிடும். அதை நேராகவே பிடித்து இறக்குங்கள். நான் சாய்த்துவிட்டேன், உறைக்குள் தேங்கியிருந்த துருப்பிடித்த தண்ணீர் ஒரு டம்ளர் அளவு சட்டைக் கைக்குள் இறங்கி முழங்கைவரை ஓடியது. மண்ணின் ஈரக்காற்று குழாயில் குளிர்ந்து தண்ணீராவது இயல்புதான். ஆனால் உறைக்குள் அது தேங்குகிறது என்றால், ஃபேன் செங்குத்தாக இல்லை என்று அர்த்தம். என் ஃபேன் ஆயுள் முடிவதற்கு முன்பே போனதற்குக் காரணம் அந்தச் சட்டைக் கையில்தான் தெரிந்தது.

திறந்திருக்கும் கீழ்க்குழாயின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள்; மண்ணின் வாயு அட்டிக்கில் நிறைய வேண்டாம், திருகாணி உள்ளே விழவும் வேண்டாம். புதிய ஃபேனில் காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் ஃபேன் மண்ணுக்குள் காற்றை ஊதி, ரேடானை விரிசல் வழியாக வீட்டுக்குள் தள்ளும். கப்ளிங்குகளை ஃபேனின் வாய்மேல் நகர்த்தி, நீர்மட்டக் கருவி வைத்து நேராக்கி, பிறகு பட்டைகளை இறுக்குங்கள். பசை எதுவும் வேண்டாம். அடுத்த முறையும் இதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

மின் இணைப்பை நானே கொடுக்கலாமா?

அட்டிக்கில் பிளக் வைத்த ஃபேன் என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வெளிச்சுவரில் இருக்கும் ஃபேனுக்கு நிலையான கம்பி இணைப்பும், மழை புகாத பெட்டியும், ஃபேனிலிருந்து பார்வைக்கு எட்டும் தூரத்தில் சுவிட்சும் வேண்டும். பழைய இணைப்பு முறையாக இருந்தால் கறுப்பைக் கறுப்போடும் வெள்ளையை வெள்ளையோடும், பச்சை அல்லது வெறும் செம்புக் கம்பியான எர்த்தை எர்த்தோடும் வயர் நட் கொண்டு இணைப்பதுதான் வேலை.

ஊரில் மின்வேலை பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். பழக்க தோஷத்தில் கறுப்புக் கம்பியைச் சாதுவானது என்று எண்ணிவிடாதீர்கள். பெட்டியைத் திறந்தபோது டேப் சுற்றிய முடிச்சுகளோ கருகிய கம்பியோ தெரிந்தால், அதோடு நிறுத்தி எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஏணியின் உச்சிப் படியில் நின்றுதான் ஃபேனை எட்ட முடியும் என்றாலும் அப்படியே.

ஃபேனை எட்டும் உயரத்தில், பேஸ்மென்டிலேயே வைத்துவிட்டால் என்ன?

கூடாது. ஃபேனுக்குக் கீழே உள்ள குழாயில் அழுத்தம் குறைவு, ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளேதான் போகும். ஃபேனுக்கு மேலே அழுத்தம் அதிகம். அங்கே மயிரிழை அளவு ஓட்டை இருந்தாலும் செறிவான ரேடான் வெளியே வரும். அதனால்தான் ஃபேனை வசிக்கும் பகுதிக்கு வெளியே, அட்டிக்கிலோ வெளிச்சுவரிலோ வைக்கிறார்கள். குழாயின் வாய் தரையிலிருந்து குறைந்தது 10 அடி உயரத்தில், கூரை விளிம்புக்கு மேலே, சன்னல்களிலிருந்து 10 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

குழாயின் மேல்வாய்க்கு மழைத்தொப்பி வேண்டாமா?

வேண்டாம். உள்ளே விழும் மழைநீர் கொஞ்சம்தான், அது குழாய் வழியாக மண்ணுக்குப் போய்விடும். தொப்பி போட்டால் வாயு கீழ்நோக்கித் திரும்பும். குளிர்காலத்தில் அதில் பனிக்கட்டியும் கட்டும்.

புதிய ஃபேன் முனகுகிறதே?

மெல்லிய ரீங்காரம் இயல்பு. குழாய் சுவரைத் தொட்டு அதிர்ந்தால் அதிகமாகக் கேட்கும். பட்டைக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டைச் செருகிப் பாருங்கள்.

வேலை முடிந்தது, மானோமீட்டரும் பழைய கோட்டில் நிற்கிறது. இனிச் செய்ய வேண்டியது என்ன?

ரேடானை அளக்க வேண்டும். ஃபேன் ஓடத் தொடங்கி 24 மணி நேரம் கழிந்த பிறகு, 30 நாட்களுக்குள் ஒரு குறுகிய காலப் பரிசோதனை செய்யுங்கள். தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே சன்னல், கதவுகளை மூடி வைத்து, போக வர மட்டும் திறந்து, குறைந்தது 48 மணி நேரம் அளக்க வேண்டும். ரேடானைப் பிடித்துவைக்கும் பரிசோதனைக் கரித்தூள் டப்பாவை நீங்கள் புழங்கும் தளங்களில் கீழ்த்தளத்தில், தரையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேல், வெளிச்சுவரையும் காற்றோட்டத்தையும் விட்டு விலக்கி வையுங்கள். சமையலறையும் குளியலறையும் ஆகாது.

முடிந்த அன்றே டப்பாவை மூடி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாட்கள், மேசைமேல் ஒரு வாரம் கிடந்தால் கரியில் பிடிபட்டதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவானது மறைந்துவிடும். மேசையில் வைக்கும் மின்னணுக் கருவி வைத்திருப்பவர்கள், மணிக்கு மணி ஏறி இறங்கும் எண்ணைப் பார்த்துப் பதறாமல், சில வாரங்களின் சராசரியைப் பாருங்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அளப்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பரிந்துரை.

எல்லாம் சரியாக இருந்தும் அளவு 4க்கு மேல் வருகிறது. ஃபேனைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

ஃபேன்மேல் பழி போடுவதற்கு முன் பேஸ்மென்டை ஒரு சுற்று வாருங்கள். சம்ப் மூடியின் ஓரத்தில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை கீழ்நோக்கி உள்ளே இழுபட்டால் அங்கே கசிவு இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடுக்கிலும், குழாய் கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்திலும் இதையே செய்யுங்கள். கண்டுபிடித்த கசிவுகளைப் பாலியூரித்தேன் கால்க் (இடுக்கை அடைக்கும் பசை) கொண்டு அடைத்துவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள்.

அதற்குப் பிறகும் குறையவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது ஃபேன் பிரச்சினை அல்ல. வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஓர் அறை சேர்த்துக் கட்டியிருந்தால், அதன் கான்கிரீட்டுக்கு அடியில் பழைய குழாயின் இழுவை எட்டாமல் இருக்கலாம். தரையில் சிறு துளைகள் இட்டு, ஒவ்வொரு மூலையிலும் இழுவை எவ்வளவு என்று நுண்மானோமீட்டரால் அளந்து, இன்னொரு உறிஞ்சு குழாய் எங்கே வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை அது. அதற்கு மாநிலப் பட்டியலில் உள்ள சான்றிதழ் பெற்றவரை அழையுங்கள். அவர் வரும்போது, தேதியிட்ட பென்சில் கோடுகளையும் பரிசோதனை முடிவுகளையும் காட்டினால், அவருடைய முதல் மணி நேர வேலை மிச்சமாகும்.